அண்ணி உட்கார்ந்த இடங்கள்

என் அண்ணன் பள்ளி வேன் ஓட்டுகிறவன். ஏழு பத்துக்கு முதல் வீடு, ஏழு பதினாலுக்கு இரண்டாவது வீடு என்று நிமிஷத்தைக் கட்டிக்கொண்டு அழுகிற ஜென்மம். அவனுக்கு வாய்த்த அண்ணியோ, நாயைத் தெருமுனை வரை கூட்டிப்போய் வர ஒன்றரை மணி நேரம் எடுப்பாள். நாய் மோந்துகொண்டே நிற்கிறது, நான் என்ன பண்ண என்பாள். அவன் வாசலில் நின்று கடுகடுப்பான்.

அண்ணி ஒரு வாரக் காய்ச்சலில் போய்விட்டாள். நான் சலவை நிலையத்தில் பதினெட்டு வருஷமாக இஸ்திரி போடுகிறவள். எனக்குத் தெரிந்த ஆறுதல் அதுதான். மூன்றாம் நாளே அவளுடைய துணி, தலையணை உறை, போர்வை எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டுபோய்த் துவைத்து, மடித்து அலமாரியில் அடுக்கினேன். அண்ணன் அலமாரியைத் திறந்து பார்த்தான், மூடினான். நானோ பெரிய உபகாரம் செய்துவிட்ட மாதிரி நின்றேன்.

பிறகு நாய் அவன் பொறுப்பு. பத்தே நிமிஷம், தரதரவென்று இழுத்துக்கொண்டு போய் வருவான். பூட்டிக் கிடந்த போட்டோ கடைப் படிக்கட்டில் மட்டும் அது நாலு காலையும் ஊன்றிக்கொள்ளும். இழுத்த இழுப்பில் கழுத்து புண்ணாகிவிட்டது. மருந்து போட்ட மாட்டு டாக்டர் அவனை வாங்கு வாங்கென்று வாங்கிவிட்டார். அது வெளியே வருவதே மோப்பம் பிடிக்கத்தான், அதையும் பிடுங்கிக்கொண்டால் எதற்கு நடக்க வேண்டும் என்று கேட்டாராம்.

மறுநாள் கயிற்றைத் தளர விட்டான். நாய் சுவரோரத் திட்டை மோந்தது, பஸ் நிறுத்தத்து பெஞ்சை மோந்தது. போட்டோ கடையின் இரண்டாவது படியில் மூக்கை வைத்து வாலை ஆட்டியது. பிறகு உட்கார்ந்து, ஆளில்லாத அந்தப் படிக்கு மேலே அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தது. எதிரே இருந்த தையல்காரி எட்டிப் பார்த்தாள்.

"அக்காவுக்கு முட்டிவலி. நாலு எட்டு வச்சா உக்காரணும். வீட்ல சொல்லிடாதீங்கம்பாங்க."

இதை அண்ணன் என்னிடம் சொன்னபோது அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை. இருபது வருஷம் கடிகாரத்தைப் பார்த்தவன், பெண்டாட்டியின் காலைப் பார்க்கவில்லை.

அதற்கப்புறம் அவனும் ஒன்றரை மணி நேரம் நடந்தான். ஒருநாள் நானும் கூடப் போனேன். படிக்கட்டில் வெகுநேரம் நின்றாயிற்று, கிளம்பலாமே என்றேன்.

"இரு. அவ எந்திரிக்கட்டும்."

படியில் வெயிலைத் தவிர ஒன்றும் இல்லை. சற்று நேரத்தில் நாய் தானாக எழுந்து நடந்தது, அவனும் பின்னால் போனான்.

மழைக்காலம் வந்தது. நாய் முதலில் திட்டைக் கண்டுகொள்ளாமல் தாண்டியது. பிறகு பெஞ்சை. கடைசியில் படியையும் ஒப்புக்கு மோந்துவிட்டு நகர்ந்துவிட்டது. அன்றைக்கு அண்ணன் சலவை நிலைய வாசலில் வேனை நிறுத்திவிட்டு, உள்ளே பிள்ளைகள் கத்திக்கொண்டிருக்க, இறங்கி வந்தான். மணியைப் பற்றிய நினைப்பே அவனுக்கு இல்லை.

"அவ துணில ஒண்ணையாவது துவைக்காம விட்டியா?"

இல்லை என்று தலையாட்டினேன். யாருடைய சட்டையோ என் இஸ்திரிப் பெட்டிக்குக் கீழே கருகியது. என் கையை வெட்டிப் போட்டால் தேவலை என்றிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை மனசு கேட்காமல் மறுபடி அவர்களோடு நடந்தேன். கயிறு கையை அறுக்கிறதென்று அண்ணி அதன் கைப்பிடியில் ஒரு பழைய துண்டைச் சுற்றித் தைத்திருந்தாள். அது அழுக்கேறிக் கன்னங்கரேலென்று இருந்தது. பாழும் வாய் முந்திக்கொண்டது.

"குடுண்ணா, அலசித் தரேன்."

வெடுக்கென்று பின்னால் இழுத்துக்கொண்டான். அப்போதுதான் கவனித்தேன். கைப்பிடி சும்மா தொங்கிக்கொண்டிருந்தது. அதற்குக் கீழே வெறும் கயிற்றைத்தான் அவன் பிடித்திருந்தான். உள்ளங்கை அறுபட்டுச் சிவந்திருந்தது.

படிக்கட்டு வந்ததும் குனிந்து, கைப்பிடியைத் தொடாமல் கயிற்றோடு தூக்கி நாயின் மூக்கருகே நீட்டினான். அது மோந்தது. வாலை ஆட்டியது.