மெஸ் ஹாலில் ராணி அழுத வெள்ளிக்கிழமை

போன மாதம் மகளின் பள்ளியில் ஆண்டு விழா. ஷார்ஜாவில் நாங்கள் குடியிருக்கும் கட்டடத்துக்கு இரண்டு தெரு தள்ளித்தான் பள்ளிக்கூடம். ஏதோ நாட்டியமாம். நாற்பது பிள்ளைகளை ஒரு வகுப்பறையில் வரிசையாக நிறுத்தி, ஓர் அம்மாள் சுவருக்கு வெள்ளை அடிப்பதுபோல மேக்கப் போட்டுக்கொண்டிருந்தார். முறை முடிந்ததும் என் மகள் ஓடி வந்து மேலே விழுந்தாள். அவள் கன்னத்தில் மூக்கை வைத்தவன் எடுக்கவே இல்லை. "அப்பா, வை ஆர் யூ ஸ்மெல்லிங் மீ?" என்று கத்தினாள். பக்கத்து அப்பாக்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். மானம் போயிற்று.

என்ன செய்வது, சொல்லுங்கள்? தேங்காய் எண்ணெயில் குழைத்த பவுடரும் வியர்வையும் கலந்த வாசனை அது. அரிதார வாசனை. எத்தனை வருடம் கழித்து மூக்கில் ஏறினாலும் என்னை ஒரே இடத்துக்குத்தான் இழுத்துக்கொண்டு போகும். ஓமானில், சோஹாரில் ஒரு லேபர் கேம்ப்பின் மெஸ் ஹாலுக்கு.

இரண்டாயிரத்துக்குப் பிந்தைய வருடங்கள் அவை. துறைமுகத்தை ஒட்டி ஆலைகள் எழும்பிக்கொண்டிருந்தன. நான் டைம் ஆபீஸ் கிளார்க். பெரிய உத்தியோகம் என்று நினைத்துவிடாதீர்கள். யார் டூட்டிக்கு வந்தான், யார் ரூமில் படுத்துக்கிடந்தான், யாருக்கு லீவு வேண்டும் என்று எழுதி வைக்கிற வேலை. சட்டைப் பையில் இரண்டு பேனா சொருகிக்கொண்டு திரிந்ததால் எல்லாரும் 'சார்' என்றார்கள். எனக்கும் அது பிடித்திருந்தது.

எனக்கு ஊர் தூத்துக்குடிப் பக்கம், கடலோரம். மாதா கோயில் திருவிழாவில் பாட்டுக் கச்சேரி கேட்டு வளர்ந்தவன். தெருக்கூத்து என்றால் கண்ணால் கண்டதில்லை. கடல் தாண்டி ஓமானுக்குப் போய்த்தான் அதைப் பார்க்க வேண்டும் என்று தலையில் எழுதியிருக்கிறது பாருங்கள்! எங்கள் கேம்ப்பில் பாதிப் பேர் செய்யாறு, வந்தவாசிப் பக்கத்து ஆட்கள். அவர்களில் பதினோரு பேர் ஊரில் முறையாக வேஷம் கட்டியவர்கள். ஆடின காலை எத்தனை நாள் கட்டிப்போட முடியும்? ஜமா, அதாவது கூத்துக் குழு, ஒன்று சேர்த்துவிட்டார்கள்.

ராத்திரி ஆரம்பித்து விடிய விடிய நடப்பதுதான் கூத்து. விடியற்காலை நாலரைக்கு டூட்டி பஸ் வந்து நிற்கிற இடத்தில் அது நடக்குமா? அதனால் வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்து, மெஸ்ஸில் சாப்பாடு முடிந்து, மேசைகளை ஓரம் கட்டி, இரண்டு மணிக்கு ஆரம்பிப்பார்கள். ஏழு மணிக்கு ராத்திரிச் சாப்பாடு போட ஹால் வேண்டும். அதற்குள் ராஜா பிறந்து, கல்யாணம் பண்ணி, சண்டை போட்டு, செத்தாக வேண்டும். பகல் வெளிச்சத்தில் கூத்து எடுபடாது என்று ஜன்னல்களுக்கெல்லாம் அட்டைப் பெட்டியும் கம்பளியும் வைத்து அடைப்பார்கள். வெளியே நாற்பத்தைந்து டிகிரி வெயில். உள்ளே இரண்டே இரண்டு ஃபோகஸ் விளக்கு, ஏசி ஓடுகிற சத்தம், மத்தியானப் பருப்பின் மணம், அதற்கு மேல் அரிதாரம். நடுப்பகலில் ஒரு ராத்திரியைச் செய்து வைத்து அதற்குள் உட்கார்ந்திருப்போம். எனக்கு இன்றைக்கும் அதெல்லாம் நடந்ததா, தூக்கத்தில் கண்டதா என்று சந்தேகம் வரும்.

வேஷம் எல்லாம் கேம்ப்பிலேயே செய்தது. பழைய பேலட் பலகையைச் செதுக்கிக் கிரீடம், புஜக்கட்டை. கண்ணாடிச் சில்லுக்குப் பதில் சேஃப்டி ஜாக்கெட்டிலிருந்து உரித்த ஒளிரும் பட்டை. திரைக்குப் பின்னால் நின்று பாடிவிட்டு, சட்டென்று திரை விலக ராஜா திரும்புவார் பாருங்கள், விளக்கு பட்டு மார்பெல்லாம் பளீரென்று எரியும். என் உடம்பு சிலிர்த்துப்போகும்.

கட்டியங்காரன் காசி. மெஸ்ஸில் சப்பாத்தி போடுகிறவர். கட்டியங்காரனுக்குத்தான் கூத்தில் யாரை வேண்டுமானாலும் கிண்டல் செய்ய உரிமை உண்டு. கதைக்குள்ளும் இருப்பார், ஜனங்களோடும் பேசுவார். "மகாராஜா, கஜானா மாஃபி! சேனை மாஃபி! மிச்சம் இருக்கறது டைம் ஆபீஸ் சாரு மட்டுந்தான். அவரயும் சண்டைக்கு அனுப்பிட்டா கலாஸ்!" என்பார். மாஃபி என்றால் அரபியில் இல்லை, கலாஸ் என்றால் தீர்ந்தது. ஹாலே அதிரும். நான் பெருமையாகச் சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

ராணி வேஷம் ஏழுமலை அண்ணன். முப்பத்தைந்து வயது, சாரம் கட்டுகிறவர், கையெல்லாம் காய்ப்பு. வேஷத்துக்காக மீசையை எடுத்துவிட்டதால் கேட்டில் அடையாள அட்டையைக் காட்டும்போதெல்லாம் செக்யூரிட்டி பட்டாணிக்காரன் அவரை மேலும் கீழும் பார்த்து, "பாய், மூச்சா கிதர் கயா?" என்று மீசையைத் தேடுவான். அவர் தலையைக் குனிந்து சிரிப்பார். அந்த மனிதர் சேலை கட்டி, போர்க்களத்தில் ராஜாவின் பிணத்தைத் தேடி வந்து பாடும் ஒப்பாரி இருக்கிறதே, அதைக் கேட்கத்தான் பக்கத்துக் கேம்ப்களிலிருந்து பஸ் பிடித்து வருவார்கள். நானும் அதற்குத்தான் காத்துக்கிடப்பேன். கூத்து வைக்கிற வாரம் முழுக்க.

இனிமேல் சொல்லப்போவது எனக்குப் பெருமை சேர்க்கிற விஷயம் அல்ல.

ஒரு திங்கட்கிழமை சாயங்காலம் ஏழுமலை அண்ணன் டைம் ஆபீசுக்கு வந்து நின்றார். "சார், அம்மாவ வேலூரு ஆஸ்பத்திரில சேத்துருக்காங்களாம். எமர்ஜென்சி லீவு வோணும் சார்." கையில் பூர்த்தி செய்த ஃபாரம் இருந்தது. எல்லார் பாஸ்போர்ட்டையும் பூட்டி வைத்திருந்த மஸ்கட் தலைமை அலுவலகத்துக்கு அதை மறுநாளே அனுப்பினால் புதன்கிழமை பாஸ்போர்ட் வந்துவிடும். வியாழனும் வெள்ளியும் அங்கே விடுமுறை. விட்டால் சனிக்கிழமைதான்.

அந்த வெள்ளிக்கிழமை கூத்து இருந்தது. மூன்று மாதம் கழித்து ஹால் கிடைத்திருந்தது.

நான் சொன்னேன்: "எண்ணே, வெள்ளிக்கிழமை கூத்த முடிச்சிட்டே போங்களேன். சனிக்கிழமை மொத வேலையா நானே அனுப்பிருதேன்." அவர் ஃபாரத்தை ஒரு தடவை பார்த்துவிட்டு நீட்டினார். "சரி சார்" என்றார். நான் வாங்கி வைத்துக்கொண்டேன்.

வியாழக்கிழமை சாயங்காலம் போன் வந்துவிட்டது. அம்மா போய்விட்டார்.

வெள்ளிக்கிழமை காலை அவர் ரூமுக்குப் போனேன். கட்டிலைச் சுற்றிப் பத்துப் பேர் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். ஆறுதல் சொல்கிறேன் என்று வாயைத் திறந்து, "ஊர்ல அண்ணன்மாரு இருக்காங்கல்லா, அவங்க பாத்துக்கிடுவாங்க" என்றேன். பத்துத் தலையும் என் பக்கம் திரும்பின. காசிதான் என்னை வெளியே கூட்டிக்கொண்டு போய்ச் சொன்னார்: "சார், அப்பனுக்குத்தான் பெரியவன் கொள்ளி வைப்பான். எங்க பக்கத்துல தாய்க்குக் கடைசிப் புள்ள வைக்கணும். ஏழுமலதான் சார் கடைசி." எங்கள் ஊரில் கல்லறைத் தோட்டத்தில் எல்லாரும் ஆளுக்கொரு பிடி மண் போடுவோம். எனக்கு இது தெரியாது. தெரிந்திருந்தால் அனுப்பியிருப்பேனா என்று கேட்காதீர்கள். அனுப்பியிருப்பேன் என்றுதான் நினைக்க ஆசை.

கூத்தை நிறுத்த வேண்டாம் என்று ஏழுமலை அண்ணனே சொல்லிவிட்டார். ஆனால் தீட்டு உள்ளவர் வேஷம் கட்டக் கூடாது, கிரீடம், புஜக்கட்டையைத் தொடவும் கூடாது. ராணியாக வெல்டர் முனுசாமி கட்டினார். நல்ல மனிதர், தாளம் போடுகிறவர். பாட்டு சுமார்தான். ஏழுமலை அண்ணன் லுங்கியோடு ஜனங்களுக்கு நடுவில் ஒரு தூண் ஓரமாக உட்கார்ந்திருந்தார். மூன்றாவது வரிசையில் இருந்த என்னால் அன்றைக்கு ராஜாவைப் பார்க்க முடியவில்லை. அந்தத் தூணையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

போர்க்களம் வந்தது. ராஜா செத்துக் கிடந்தார். முனுசாமி தலையை விரித்துக்கொண்டு ஓடி வந்து ஆரம்பித்தார்:

"தேடி வந்த பாதையிலே தேருமில்லே ஆளுமில்லே..."

அடுத்த அடி வரவில்லை. ஹார்மோனியம் ஒரு சுற்றுச் சுற்றி வந்தது. மறுபடி அதே அடி, மறுபடி நின்றுவிட்டது. பாவம், எல்லார் முகத்தையும் பார்த்தார். அப்போது தூண் பக்கத்திலிருந்து குரல் வந்தது:

"ஓடி வரக் காலிருந்தும் ஒம் மொகத்தப் பாக்கலியே..."

அது கூத்தில் உள்ள அடி இல்லை. ராணி ஓடி வந்து ராஜாவைப் பார்த்துவிடுகிறாள் அல்லவா? இவர் மாற்றிப் பாடினார். யாரோ, "ஏழுமல, வோணாம்பா, தீட்டு" என்றார்கள். காசி கட்டியங்காரன் கோலை ஊன்றிக்கொண்டு அப்படியே ஜனங்களுக்குள் இறங்கினார். முகத்தில் கோமாளிப் பொட்டுகள், கண்ணில் தண்ணீர்.

"வேசம் கட்டினாத்தான்டா தீட்டு! அழறதுக்கு இன்னாடா தீட்டு?"

காசி ஏழுமலை அண்ணன் பக்கத்தில் மண்டி போட்டார். கட்டியங்காரன் குரலிலேயே கேட்டார்: "மகாராணி, உங்க ஆத்தா பேரு இன்னா?"

"பச்சையம்மா."

காசி எழுந்து நின்று ராஜாவின் வருகையைக் கட்டியம் கூறுவதுபோல அந்தப் பெயரை உரக்கச் சொன்னார். பின்பாட்டுக்காரர்கள் வாங்கிப் பாடினார்கள். அதன் பிறகு ஒப்பாரி முழுதும் பச்சையம்மாவுக்குத்தான். அரை மணி நேரம் உட்கார்ந்த இடத்திலிருந்தே பாடினார். சேலைகட்டி நின்ற முனுசாமி அழுதார். செத்துக் கிடந்த ராஜா எழுந்து உட்கார்ந்து, ஒளிரும் பட்டை பளபளக்க, குலுங்கிக் குலுங்கி அழுதார். ஹாலில் இருந்த அத்தனை பேரும் அவரவர் வீட்டில் போக முடியாமல் போன சாவை நினைத்து அழுதார்கள். நானும் அழுதேன். ஆனால் அந்த இரண்டாவது அடி என்னைப் பார்த்துப் பாடியது என்று எனக்குத் தோன்றிக்கொண்டே இருந்தது.

சனிக்கிழமை ஃபாரம் போனது, ஞாயிற்றுக்கிழமை பாஸ்போர்ட் வந்தது, அண்ணன் போனார். கருமாதி முடித்து, மொட்டையும் புது மீசையுமாகத் திரும்பி வந்தார். மீசையை அதற்குப் பிறகு எடுக்கவே இல்லை. ஜமா இரண்டு தடவை ஆடிப் பார்த்தது. ஒப்பாரிக் காட்சி வரும்போது ஆட்கள் எழுந்து வெளியே பீடி பிடிக்கப் போனார்கள். அப்படியே நின்றுவிட்டது.

ஆலை வேலை முடிந்து கேம்ப்பைக் கலைத்தார்கள். ஒவ்வொரு பஸ்ஸாக ஆட்களை வேறு வேறு சைட்டுக்கு ஏற்றினார்கள். ஏழுமலை அண்ணனுக்கு சவூதியில் ஜுபைல். அவர் பை கட்டிக்கொண்டு நின்ற இடத்துக்குப் போய், ஒரு வருடமாக நெஞ்சில் கிடந்ததைச் சொல்லிவிட்டேன்: "எண்ணே, அந்த ஃபாரத்த நான் அன்னைக்கே அனுப்பிருக்கணும்."

அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"நானும் நேரா மேனேஜராண்ட போயிருக்கலாம் சார். நீங்க 'கூத்த முடிச்சிட்டுப் போ'ன்னு சொன்னப்ப எனக்குச் சந்தோசமா இருந்துச்சு. வேசம் கட்டலாம்னு. பெத்தவ ஆஸ்பத்திரில கெடக்கறா, எனக்குச் சந்தோசம் வந்துச்சு சார். அத இன்னும் யாராண்டயும் சொல்லல."

எனக்கும் அன்றைக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. அவர் 'சரி' என்று சொன்னதும், வெள்ளிக்கிழமை ராணி இருப்பாள் என்று மனசுக்குள் துள்ளினேன். அதைச் சொல்லியிருந்தால் அவர் பாரத்தில் பாதியாவது இறங்கியிருக்கும். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "சாயா குடிக்கீங்களாண்ணே?" என்றேன். அவர் தலையாட்டினார். நான் கடைக்குப் போய் இரண்டு சாயா வாங்கிக்கொண்டு திரும்பி வருவதற்குள் பஸ் போய்விட்டது.

கேம்ப் இருந்த இடத்தில் இப்போது கன்டெய்னர்கள் அடுக்கியிருக்கிறார்களாம். ஏழுமலை அண்ணன் ஜுபைலிலிருந்து எங்கே போனார் என்று காசிக்கும் தெரியவில்லை, முனுசாமிக்கும் தெரியவில்லை. செய்யாறு போகிறவர்களிடம் எல்லாம் விசாரிக்கச் சொல்லியிருக்கிறேன். கண்டால் ஒரே ஒரு வார்த்தைதான் சொல்ல வேண்டும்: எனக்கும்தான் அண்ணே.