அணைக்காத வண்டி

என் கையெழுத்தைப் படிக்கச் சிரமமாக இருக்கும், பொறுத்துக்கொள்ள வேண்டும். ஐந்தாவது வரைதான் படித்தேன். எங்கே பெரிய ‘ற’, எங்கே சின்ன ‘ர’ என்பது இன்னும் எனக்குப் பிடிபடவில்லை. கடையில் ரசீது எழுதக்கூட மனைவியைத்தான் கூப்பிடுவேன். இதை மட்டும் அவளைக் கேட்காமல் நானே எழுதுகிறேன்.

மயிலாப்பூரில் வாடகைப் பாத்திரக் கடை வைத்திருக்கிறேன். கல்யாணம், சீமந்தம் என்றால் அண்டாவும் குண்டானும் எங்களிடமிருந்து போகும். பேசுவது அவள், தூக்குவது நான். எழுபத்து நான்காம் வருஷம் அவள் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்தது. எலும்பு கூடிய பிறகும் வலது கால் சரியாக மடங்கவில்லை. வாரம் ஒரு நாள் அடையாறு ஆஸ்பத்திரிக்கு வந்து காலை மடக்கி நீட்டிப் பழக்க வேண்டும், விட்டால் அப்படியே இறுகிவிடும் என்றார் டாக்டர்.

பஸ்ஸில் ஏற அவள் காலைத் தூக்குவதற்குள் கண்டக்டர் விசில் கொடுத்துவிடுவார். ஒரு தடவை பாதி ஏறியபடியே தொங்கினாள். அதற்குப் பிறகு “இந்த வாரம் வேணாமே” என்று சொல்ல ஆரம்பித்தாள். அதனால்தான் பழைய கார் ஒன்று வாங்கலாம் என்று நினைத்தேன். இளவயதில் வேன் ஓட்டியவன், லைசென்ஸ் இருந்தது.

தி. நகரில் ஒரு பின் தெருவில் கார் புரோக்கர் ஒருவர் இருப்பதாகச் சொன்னார்கள். இரண்டு பேரும் காலையிலேயே ரிக்‌ஷாவில் போனோம். நாங்கள் இறங்கும்போதே கறுப்பு வண்டி ஒன்று வாசலில் உறுமிக்கொண்டு நின்றது. புரோக்கர் ஓடி வந்தார்.

“வா அண்ணே, வா அண்ணி! உனுக்குன்னே எடுத்து வச்சிகீறேன். டாக்டர் வச்சிருந்த வண்டி. ஞாயித்துக்கிழமை மட்டும்தான் வெளியே வரும்.”

நான் வண்டியைச் சுற்றி வந்தேன். சுற்றி வரும்போதெல்லாம் அவரும் என் தோளில் கை போட்டுக்கொண்டு சுற்றினார். காபி வந்தது. எங்கள் கடை எங்கே என்று விசாரித்துவிட்டு, ஒரு பையனை எங்கோ அனுப்பினார். குடித்து முடிப்பதற்குள் இன்னொரு காபி வந்தது. வேறு வண்டி பார்க்கலாமா என்று கேட்க வாய் எடுத்தேன். “இன்னா அண்ணே, தங்கத்தை வச்சிக்கினு தகரத்தைக் கேக்குறே?” என்றார். யோசித்துச் சொல்கிறேன் என்றேன். “யோசி. ஆனா ஆழ்வார்பேட்டை பார்ட்டி நாலு மணிக்கு வர்றாரு. அவருக்கு யோசிக்கிற பழக்கமே கிடையாது.”

மனைவியைப் பின் சீட்டில் உட்கார வைத்துவிட்டார். அவள் காலை நீட்டிக்கொண்டாள். அவள் முகத்தில் ஒரு சுகம் தெரிந்தது. அதைப் பார்த்த பிறகு என்னால் எதுவும் கேட்க முடியவில்லை. எனக்கு ஒரு விஷயம் மட்டும் உறுத்திக்கொண்டே இருந்தது. வந்ததிலிருந்து அந்த எஞ்சினை யாரும் அணைக்கவில்லை. காபி குடித்தபோதும், வெயில் உச்சிக்கு வந்தபோதும் அது ஓடிக்கொண்டேதான் இருந்தது.

களைத்துப் போய்ச் சுவரில் சாய்ந்துவிட்டேன். “வா, ஒரு ரவுண்டு போய் வருவோம்” என்று அவரே ஓட்டினார். ரவுண்டு என்றவர் நேராக மயிலாப்பூருக்கு வந்து, எங்கள் கடைக்கு நாலு வீடு தள்ளியிருக்கும் பிள்ளையார் கோயில் வாசலில் நிறுத்தினார். இறங்கி, என்னைப் பிடித்து ஸ்டியரிங் முன்னால் உட்கார வைத்தார். நான் என்ன என்று கேட்பதற்குள் பானெட் மேல் மாலை விழுந்தது. நான்கு சக்கரத்துக்கு அடியிலும் எலுமிச்சம்பழம் வைத்தாயிற்று. குருக்கள் கற்பூரத்தோடு வந்தார். தேங்காய் உடைந்தது.

“அண்ணன் கார் வாங்கிட்டாரு!” என்று புரோக்கர் தெருவுக்கே கேட்கச் சொன்னார்.

பக்கத்துக் கடைக்காரர்கள் வந்து கை கொடுத்தார்கள். பால்காரர் ஜன்னலில் குனிந்து, “இனிமே நம்மள எல்லாம் கண்ணுல தெரியுமா மாமா?” என்றார். சாமி முன்னால் தேங்காய் உடைத்த பிறகு வேண்டாம் என்று எப்படிச் சொல்வது?

“எடு அண்ணே, பழத்து மேல ஏத்து. அப்புறம் டோக்கன் அட்வான்ஸைக் குடு, முடிஞ்சிது” என்றார் புரோக்கர்.

பின் சீட்டிலிருந்து மனைவி மெதுவாகச் சொன்னாள். “ஏங்க, அதை ஒருவாட்டி அணைச்சிட்டு எடுங்க. பாப்போம்.”

“ஐயையோ அண்ணி! பூசை போட்ட வண்டிய சாமி எதிர்ல அணைக்கலாமா? குடும்பத்துக்கு ஆவாது!”

“அணையாம இருக்க அது இன்னா விளக்கா?” என்றாள் அவள்.

குருக்கள் சிரித்துவிட்டார். நான் சாவியைத் திருப்பினேன். காலையிலிருந்து கேட்ட சத்தம் நின்றதும் காதே அடைத்தது போல இருந்தது. திரும்ப முறுக்கினேன். ஒரு முனகல் வந்தது. இன்னொரு தடவை முறுக்கினேன், அதுவும் வரவில்லை. புரோக்கர் முன்பக்கம் ஹேண்டிலைப் போட்டுச் சுற்றினார். சட்டை நனைந்ததுதான் மிச்சம்.

“பேட்டரி சூடாயிடுச்சு அண்ணே. ஒண்ணுமில்ல. நூறு ரூபா கொறச்சிக்கோ. தள்ளு நைனா, எல்லாரும் தள்ளு! பழத்து மேல ஏறிட்டா போதும்.”

பால்காரர் உட்பட நாலு பேர் பின்னால் போய்க் கை வைத்தார்கள். புரோக்கர் இன்னும் பேசிக்கொண்டே இருந்தார். நான் கீழே இறங்கி, தரையில் குந்தி, சக்கரத்துக்கு அடியிலிருந்து எலுமிச்சம்பழங்களை ஒவ்வொன்றாக எடுத்தேன். தள்ள வந்தவர்கள் கையை எடுத்துக்கொண்டார்கள்.

“இன்னா நைனா, கார் வாங்க வந்தியா, பழம் பொறுக்க வந்தியா?” என்று புரோக்கர் கத்தினார்.

பழங்களைக் குருக்களிடம் நீட்டினேன். “எனக்கெதுக்கு? ஆத்துக்கு எடுத்துண்டு போங்கோ, ஊறுகாய்க்கு ஆகும்” என்றார்.

மனைவி கதவைப் பிடித்து இறங்க வெகு நேரம் ஆனது. இறங்கிய பிறகும் அந்தச் சீட்டை ஒரு தடவை பார்த்தாள். என் தோளைப் பிடித்துக்கொண்டு கடை வரைக்கும் நடந்தாள்.

வேறு கார் பார்க்க எனக்குத் தெம்பு இல்லாமல் போயிற்று. இன்னொரு வாசலில் போய் நின்று, இன்னொருவர் பேச்சைக் கேட்க வேண்டுமே என்று நினைத்தாலே அலுப்பாக இருந்தது. அடுத்த செவ்வாய்க்கிழமை பஸ் ஸ்டாப்பில் நின்றோம். கூட்டமான பஸ்களை விட்டோம். காலியாக ஒன்று வந்தது. நான் முதலில் ஏறி, படியில் குறுக்கே நின்றுகொண்டேன். “உள்ள போய்யா, உள்ள போ” என்று கண்டக்டர் திட்டினார். திட்டட்டும் என்று, அவள் இரண்டு காலையும் உள்ளே வைக்கும் வரை நகரவில்லை. இன்றைக்கும் அப்படித்தான் போய் வந்தோம். அவளுக்குக் கால் கொஞ்சம் மடங்குகிறது.

காளயுக்தி வருஷம், ஆடி மாதம், செவ்வாய்க்கிழமை, பதினாறாம் தேதி.