அத்தானின் பழுப்புத் தாள்கள்

என் சின்னக்காவின் கணவர், அதாவது என் அத்தான், முப்பத்தொரு வருஷம் ஓர் அலுவலகத்தின் தபால் பிரிவில் உட்கார்ந்து, வருகிற தாள்களின் மேல் 'பெறப்பட்டது' என்று முத்திரை குத்தினார். தாளில் என்ன எழுதியிருக்கிறது என்று படிப்பது அவர் வேலை இல்லை. படித்துவிட்டார் என்று யாரும் அவர் மேல் குற்றம் சொன்னதும் இல்லை. ஓய்வு பெற்ற அன்று ஒரு சுவர்க் கடிகாரம் கொடுத்து அனுப்பினார்கள். மூன்று மாதம் வீட்டில் உட்கார்ந்து அந்தக் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நாலாவது மாதம் கலைஞர் ஆனார்.

ஆன விதத்தில் ரகசியம் ஒன்றுமில்லை. கைபேசியில் ஒரு வீடியோ பார்த்தார். அதில் ஒரு பெண்மணி கெட்டி அட்டையில் வெள்ளைப் பூச்சு பூசி, கிழித்த தாள்களை அடுக்கடுக்காக ஒட்டி, ஸ்டென்சிலை வைத்து மையைத் தெளித்து, கடைசியில் ரப்பர் ஸ்டாம்பால் ஒரு பட்டாம்பூச்சியைக் குத்தி முடித்தாள். அந்தக் குத்தைப் பார்த்ததும் அத்தானுக்குள் என்னவோ விழித்துக்கொண்டதாம்.

"முப்பத்தொரு வருஷம் இதைத்தானே செஞ்சேன். இது கலைன்னு ஒருத்தன்கூட என்கிட்ட சொல்லலையே!" என்று கண் கலங்கச் சொன்னார். சிரிப்பை அடக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

முதலில் சாப்பாட்டு மேசை பறிபோனது. அதில் மைப் பேடுகள், தெளிக்கும் புட்டிகள், துளை போட்ட ஸ்டென்சில் தகடுகள், உருக்கி ஒட்டும் தங்கப் பொடி எல்லாம் குடியேறின. அக்கா தட்டைக் கையில் ஏந்தி, அடுப்பு மேடைக்குப் பக்கத்தில் நின்றபடி சாப்பிடப் பழகினாள். பால் காய்ச்சுகிற பாத்திரத்தில் வெள்ளைத் தாள்களைப் போட்டுத் தேநீரில் ஊறவைப்பார். தாள் பழசு மாதிரி தெரியவேண்டுமாம். துணிக்கொடியில் அவை சொட்டிக்கொண்டிருக்கும். அதன் கீழே அக்காவின் வெள்ளை ரவிக்கைகள் தேநீர் நிறத்துக்கு மாறிக்கொண்டிருக்கும். பொடியை உருக்குவதற்குச் சூடான காற்றை ஊதுகிற ஹீட் கன் ஒன்றை வாங்கி, முதல் நாளே குளியலறைக் கதவின் பிளாஸ்டிக் கைப்பிடியை உருக்கிவிட்டார்.

கலையாவது வந்ததா? ரப்பர் ஸ்டாம்பை மெதுவாக ஒற்றி எடுக்கவேண்டும். அத்தானுக்குத் தெரிந்ததெல்லாம் அலுவலகக் குத்து. மேசை அதிர ஓங்கி ஒரு குத்து; பட்டாம்பூச்சியோடு ரப்பரின் நாலு ஓரமும் சேர்ந்து பதியும். பார்த்தால் பட்டாம்பூச்சியைப் பெட்டிக்குள் போட்டு அடைத்த மாதிரி இருக்கும். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். இவர் முதலில் மையைக் குறை சொன்னார், பிறகு தாளைச் சொன்னார். கடைசியில் அதுதான் தன்னுடைய பாணி என்று சொல்லிவிட்டார். கல்யாணமானாலும் குழந்தை பிறந்தாலும் எல்லோருக்கும் அதே பட்டாம்பூச்சி அட்டைதான். பிற்பாடு பக்கத்து வீட்டுத் தையல்காரர் இறந்தபோது அவர் மனைவிக்குப் போன அட்டையிலும் அதே பூச்சி, தங்கப் பொடியோடு.

இப்படி இரண்டு வருஷம் போனது. கைபேசியில் இவரைப் போன்றவர்கள் சேர்ந்து ஒரு குழு வைத்திருந்தார்கள். அதில் தன் படைப்புகளைத் தினமும் போடுவார். ஒரு நாள் யாரோ ஒரு புண்ணியவதி, "பழைய தாள் மாதிரி இல்ல சார், டீ கொட்டின தாள் மாதிரி இருக்கு" என்று எழுதிவிட்டாள். அத்தான் இரண்டு நாள் யாரோடும் பேசவில்லை. மூன்றாம் நாள் முகம் திடீரென்று மலர்ந்தது. அதற்குப் பிறகு அவர் அட்டைகளில் நிஜமான பழுப்புத் தாள்கள் வரத் தொடங்கின. மடிப்பு விட்ட, ஓரம் பொடிந்த, மங்கின நீல மையில் எழுதிய தாள்கள்.

"எங்க அத்தான் கிடைச்சுது?" என்று கேட்டேன்.

"தேடுறவனுக்குக் கிடைக்கும்" என்றார், ஏதோ கடலுக்குள் முங்கி எடுத்தவர் மாதிரி.

அடுத்து, ஓய்வு பெற்றவர்களின் கைவேலைக் கண்காட்சி ஒன்றை நூலக மாடியில் வைத்தார்கள். தீக்குச்சியில் கப்பல் கட்டியவர் ஒருவர், நூலில் நாய்க்குட்டி பின்னியவர் ஒருவர், நடுச்சுவர் முழுக்க எங்கள் அத்தான். பதினோரு பெரிய அட்டைகள். முதல் அட்டையின் பெயர் 'காலம்'. இரண்டாவது 'காலம் இரண்டு'. மீதியை நீங்களே சொல்லிக்கொள்ளலாம்.

இஸ்திரி போட்ட சட்டையோடு அத்தான் பக்கத்தில் நின்றார். அக்கா தண்ணீர் பாட்டிலோடு நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். படங்களை அவள் கிட்டப் போய்ப் பார்க்கவில்லை. இரண்டு வருஷம் அவற்றின் ஈரத்தைத் துடைத்தவளுக்கு அதில் என்ன ஆசை இருக்கும்?

அப்போது ஓய்வு பெற்ற ஆசிரியை ஒருத்தி வந்தாள். எழுத்து எங்கே தெரிந்தாலும் படித்துவிடுகிற வியாதி அவளுக்கு. மூக்குக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு 'காலம்' அட்டைக்கு ஒரு சாண் தூரத்தில் நின்று உரக்கப் படித்தாள்.

"'அந்த மனுஷன் ஒரு தடவையாவது உன்னைக் கேட்டுட்டு ஒரு காரியம் செஞ்சிருக்காராடி? மரக்கட்டைக்குச் சட்டை மாட்டினா...' அதுக்கப்புறம் பட்டாம்பூச்சி மறைக்குதே! பிரமாதம் சார். நீங்களே எழுதினதா?"

அத்தான் நெளிந்தார். "அது வந்து மேடம், படிக்கறதுக்கு இல்ல. பார்க்கறதுக்கு."

அக்கா எழுந்து வந்தாள். அட்டையைத் தொடும் தூரத்தில் நின்றாள். இடப்பக்கம் சாய்ந்த எழுத்து. அடுத்த வரிவரைக்கும் வால் நீட்டிய 'ழ'. எனக்கும் அடையாளம் தெரிந்தது. எங்கள் பெரியக்காவின் கையெழுத்து அது.

பெரியக்கா கல்யாணமாகித் தூரதேசம் போனவள். ஃபோன் எல்லார் வீட்டிலும் இல்லாத காலத்தில், பதினாறு வருஷம் சின்னக்காவுக்குக் கடிதம் எழுதினாள். அவள் இறந்து ஒன்பது வருஷம் ஆகிறது. நாற்பத்து மூன்று கடிதங்களையும் சின்னக்கா ஒரு பெரிய எக்ஸ்ரே உறையில் போட்டு, பரணில் போர்வைகளுக்கு நடுவே வைத்திருந்தாள். குரங்கு கையில் பூமாலை கிடைத்த கதை.

"ஏங்க, இதை எங்கேருந்து எடுத்தீங்க?" அக்காவின் குரல் உயரவே இல்லை.

"பரண்லதான்மா. எக்ஸ்ரே கவர்ல. பழைய பேப்பர்தானே, சும்மாதானே கிடந்துது."

"படிச்சீங்களா?"

அத்தானுக்கு ரோஷம் வந்துவிட்டது. "சேச்சே! அடுத்தவங்க லெட்டரை நான் படிப்பேனா?"

என் வாழ்நாளில் இத்தனை யோக்கியமான ஒரு பதிலை நான் கேட்டதில்லை. ஆசிரியை மெதுவாக நாய்க்குட்டிப் பக்கம் நகர்ந்துவிட்டாள்.

அக்கா 'காலம்' அட்டையை ஆணியிலிருந்து கழற்றினாள். பிறகு அடுத்தது. நூலகர் ஓடி வந்து, "அம்மா, கண்காட்சி ஞாயிற்றுக்கிழமை வரைக்கும் இருக்கு" என்றார். "எங்களுக்கு முடிஞ்சுடுச்சு சார்" என்றாள் அக்கா. ஆறு அட்டைகளை நான் சுமந்தேன், ஐந்தை அவள். அத்தான் தண்ணீர் பாட்டிலைத் தூக்கிக்கொண்டு பின்னால் வந்தார்.

வீட்டுக்கு வந்ததும் மேசையில் இருந்த புட்டிகளையும் பேடுகளையும் ஒரு வாளிக்குள் வழித்துப் போட்டாள். வீட்டிலேயே கிடந்த சிறிய அட்டை ஒன்றைத் தொட்டித் தண்ணீரில் ஊறவைத்தாள். பசை அசையவில்லை, காய்ந்தால் பிளாஸ்டிக் மாதிரி ஆகிவிடுகிற பசை அது. மையோ கரைந்து நீலத் தண்ணீராய் ஓடியது. ஒரு கடிதம் முழுசாகப் போய்விட்டது. தொட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு அக்கா வெகுநேரம் நின்றாள். அழுதாள் என்று எழுத ஆசைதான். அழவில்லை.

மறுநாள் காலை நான் போனபோது அவள் கையில் ஹீட் கன் இருந்தது. "இவர் சூடு காட்டும்போதெல்லாம் ஓரத்துல தாள் கிளம்பும். 'ஐயோ பசை இளகுது'ன்னு கத்துவார். நான் கேட்டிருக்கேன்" என்றாள். உண்மைதான். சூட்டில் பசை இளகியது. மெல்லிய கத்தியை அடியில் விட்டுத் தூக்கினால் தாள் பொறுமையாக எழுந்து வந்தது. ஆனால் எது மேலே, எது கீழே என்று தெரியாமல் இழுத்தால் கிழிந்துபோகிறது.

"இங்க வந்து உட்காருங்க" என்று அத்தானைக் கூப்பிட்டாள். "எதை முதல்ல ஒட்டினீங்க, எதை அப்புறம் ஒட்டினீங்க, சொல்லுங்க."

சொன்னார். பதினோரு அட்டையிலும், எந்தத் துண்டின் மேல் எந்தத் துண்டு, எங்கே வெள்ளைப் பூச்சு கனம், எங்கே லேசு என்று ஒன்று விடாமல் சொன்னார். இந்த ஒரு இடத்தில் மட்டும் அந்த மனிதரைப் பற்றி எனக்கு இகழ்ச்சியாய்ச் சொல்ல ஒன்றும் கிடைக்கவில்லை. ஹீட் கன்னை அவர் பிடித்தார், கத்தியை அக்கா பிடித்தாள். தினமும் காலையில் பத்திலிருந்து ஒரு மணிவரை, மூன்று வாரம்.

ஒவ்வொரு துண்டையும் எடுத்ததும் அக்கா வாய்விட்டுப் படிப்பாள். பெரியக்காவின் நாக்கு சாதாரண நாக்கு இல்லை. அத்தானைப் பற்றி அவள் எழுதாத கடிதமே கிடையாது போலிருந்தது. 'உன் வீட்டுக்காரருக்கு வாய் எதுக்குடி, கொட்டாவி விடவா?' என்று ஒன்று. 'உப்புக்குச் சப்பாணி' என்று ஒன்று. அத்தான் ஹீட் கன்னை ஆட்டாமல் அசைக்காமல் பிடித்துக்கொண்டிருப்பார். ஒரு தடவை மட்டும், "இன்னும் நிறைய இருக்கா?" என்று கேட்டார்.

"இது ஆரம்பம்தான்" என்றாள் அக்கா.

அதற்காக அவரை மகான் ஆக்கிவிட வேண்டாம். நடுவே எழுந்துபோய், பிரித்த அட்டைகளைப் படம் எடுத்து, 'படைப்பும் மீட்பும்' என்று தலைப்புக் கொடுத்துக் குழுவில் போட்டார். எழுபது பேர் பாராட்டினார்கள்.

கடைசியில் எண்ணிப் பார்த்தபோது நாலு கடிதங்களுக்கு மேல் குறைந்தன. சின்னச் சின்னக் கீற்றுகளாய் வெட்டி வாழ்த்து அட்டைகளில் ஒட்டியதாக அத்தான் ஒப்புக்கொண்டார். அக்கா ஒவ்வொருவருக்காய் ஃபோன் செய்தாள். சிலர் தந்தார்கள். தையல்காரர் மனைவி, "என் வீட்டுக்காரர் போனப்ப வந்த அட்டை. நான் குடுக்கமாட்டேன், வேணும்னா வந்து படிச்சுக்கோங்க" என்று சொல்லிவிட்டாளாம்.

பிறகு அத்தான் என்னைப் பார்த்தார். "உன் பொறந்தநாளுக்கு ஒண்ணு குடுத்தேனேம்மா. அது வச்சிருக்கியா?"

நான் அதை அன்றைக்கே குப்பையில் போட்டிருந்தேன். பட்டாம்பூச்சியைப் பார்த்ததும் போட்டுவிட்டேன். உள்ளே என்ன ஒட்டியிருந்தது என்று திருப்பிக்கூடப் பார்க்கவில்லை.

"ஏன் கேக்கறீங்க?"

"அதுல 'கடைக்குட்டி'ன்னு ஆரம்பிக்கிற ஒரு வரி இருந்துது. அந்த ஒரு வார்த்தை கண்ணுல பட்டுது. உன்னை அப்படித்தானே கூப்பிடுவாங்க, பொருத்தமா இருக்கும்னு தேடி வெட்டி வச்சேன்."

பெரியக்கா எனக்குத் தனியாகக் கடிதம் எழுதியதே இல்லை. அந்த வரியில் என்ன இருந்தது என்று அக்காவைக் கேட்டேன். அவளுக்கு ஞாபகம் இல்லை. "திட்டித்தான் இருப்பா, விடு" என்றாள். திட்டாகவே இருக்கட்டும். நான் வேறு பக்கம் திரும்பி, வாளியில் இருந்த புட்டிகளின் மூடிகளை ஒவ்வொன்றாய்ச் சரியாக மூடிக்கொண்டிருந்தேன். அன்று அத்தானைக் கிண்டல் செய்ய வாய் வரவில்லை.

மறுநாளே கிண்டல் வந்துவிட்டது. அதற்குப் பிறகும் தாராளமாய் வருகிறது.

மீட்ட கடிதங்களை அக்கா ஒரு பெரிய நோட்டில் ஒட்டியிருக்கிறாள். சில பக்கங்களில் பாதி இறக்கை இருக்கும், சிலவற்றில் தங்கப் பொடி மினுங்கும். நோட்டு அவளுடைய அலமாரியில் பூட்டியிருக்கிறது. சாப்பாட்டு மேசையில் இப்போது அவள் உட்கார்ந்து சாப்பிடுகிறாள். அத்தானுக்கு வராந்தாவில் ஒரு முக்காலி. தாள் வேண்டுமென்றால் வாசலில் போடுகிற விளம்பர நோட்டீஸ்கள்.

போன மாதம் அவருக்கு வலது மணிக்கட்டு வீங்கிவிட்டது. இனிமேல் எதையும் குத்தக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். இரண்டு நாள் சோகமாய் இருந்தார். அப்புறம் இடது கையால் ஸ்டென்சிலைப் பிடித்து, பச்சை மையைத் தெளித்து இலைகள் போட ஆரம்பித்தார். தன் கலை வாழ்க்கையில் இரண்டாம் கட்டம் தொடங்கிவிட்டதாக எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

"இலை எப்படிக்கா இருக்கு?" என்று கேட்டேன்.

"இலையா அது? ஆனா பரவாயில்ல" என்றாள் அக்கா. "வீட்ல சத்தம் இல்ல."