அக்கா கோழி வாங்கிய இடம்

என் அக்கா சலவைக்கடையில் இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தவள். வெள்ளைத் துணியில் அவள் கண்ணுக்குத் தப்பிய கறை கிடையாது. நாற்பத்திரண்டு வயதில் அவளுக்குக் கோழிப் பித்து பிடித்தது. நாங்கள் மழைக்கு ஒதுங்கிய மண்டபத்தில் கோழிக் கண்காட்சி நடந்துகொண்டிருந்தது. ஒரு கூண்டில், இறகெல்லாம் பஞ்சு பஞ்சாக, ஒரு வெள்ளைக் கோழி.

"அடுத்த வருஷம் நானும் கொண்டுவரேன், பாரு," என்றாள்.

மறு வாரமே சந்தையில் அதே மாதிரி மூன்று வாங்கிவிட்டாள். "கண்ணை மூடிக்கிட்டு எடுத்துட்டுப் போங்கம்மா, பரிசு உங்களுக்குத்தான்," என்றான் வியாபாரி. அவளும் கண்ணை மூடிக்கொண்டுதான் வாங்கினாள்.

அடுத்த வருடக் கண்காட்சியில் நடுவர் கோழியைத் தூக்கிக் காலைப் பார்த்தார். "இந்த இனத்துக்கு அஞ்சு விரல் இருக்கணும்மா. இதுக்கு நாலுதான் இருக்கு. போட்டியில சேர்க்க முடியாது."

பின்னால் யாரோ சிரித்தார்கள். எனக்கு வீட்டுக்கு ஓடிவிடலாம் போலிருந்தது. அக்காவோ நேராக முதல் பரிசு வாங்கியவரைத் தேடிப் போனாள். பூட்டு ரிப்பேர் செய்கிறவர், எங்கள் வயதுதான்.

"உங்ககிட்ட விக்கிறதுக்குக் கோழி இருக்கா?"

"இருக்கு. ஆனா இங்க தரமாட்டேன். வீட்டுக்கு வந்து பாத்துட்டு எடுங்க."

ஞாயிற்றுக்கிழமை போனோம். பின்கட்டில் மரத்தூள் பரப்பிய கூண்டுகள். தண்ணீர்க் கிண்ணங்களில் ஒரு தூசு இல்லை. குஞ்சுகளைக் கேட்ட அக்காவுக்கு முதலில் அவற்றின் தாயையும் தகப்பனையும் காட்டினார்.

"புதுசா வளர்க்கிறவங்க குஞ்சு எடுக்காதீங்க. எது எப்படி வரும்னு எனக்கே சொல்லத் தெரியாது. வளர்ந்ததா எடுங்க."

அக்கா ஒரு பெட்டையைக் கையில் எடுத்தாள்.

"அதுக்குக் கொண்டை கொஞ்சம் பெருசு. முதல் பரிசு வராது. நல்ல சேவலோட சேர்த்தா குஞ்சுங்க தேறும்."

"இன்னும் ரெண்டு இடம் பாக்கலாமேக்கா," என்று காதைக் கடித்தேன்.

"தான் விக்கிறதோட குறையை அவரே சொல்றாருடி. இதுக்கு மேல எங்க போய்த் தேடறது?"

அந்தப் பெட்டையும் ஒரு சேவலும் எங்கள் வீட்டுக்கு வந்தன. சந்தைக் கோழிகளையும் அவள் விரட்டவில்லை; முட்டைக்குக் குறைவில்லை.

அதன் பிறகு கண்காட்சிக்கு முந்தைய சனிக்கிழமைகள் எல்லாம் திருவிழாதான். சமையலறையில் வெதுவெதுப்பான நீரில் கோழியைக் குளிப்பாட்டி, துண்டில் சுற்றி, முடி உலர்த்தும் மெஷினால் காயவைப்பாள். சூடு பட்டதும் கோழி கண் சொருகிவிடும். அந்த வெண்மையைப் பார்த்த பூட்டுக்காரர் தன் கோழிகளையும் தூக்கிக்கொண்டு வர ஆரம்பித்தார். ஒரு வருடம் அவருக்கு முதல் பரிசு, எங்கள் பெரிய கொண்டைப் பெட்டையின் மகளுக்கு இரண்டாவது. இரண்டையும் குளிப்பாட்டியது அக்கா. சிரித்துச் சிரித்து எங்களுக்கு வயிறு வலித்தது.

இப்போது நாங்கள் மூன்றாவது மாடியில் இருக்கிறோம். கோழி வளர்க்க இடமில்லை. ஈர இறகின் வாசனையை நினைத்தாலே எனக்கு அந்தப் பழைய வீட்டுச் சமையலறை கண்முன் வந்துவிடும். கண்காட்சிக்கு மட்டும் தவறாமல் போகிறோம். பூட்டுக்காரர் வாசலிலேயே காத்திருப்பார்.

"வாங்க வாங்க. இந்த வருஷ நடுவருக்குக் கண்ணு சரியில்ல," என்று ஆரம்பிப்பார்.