கல்லைக் கலைத்து வைத்தவர்

செக் நாட்டின் பிர்னோ நகரத்து ஞாயிறு வளர்ப்பு மீன் சந்தையில் லிபுஷே வாங்கிய மீன்கள் பனியில் விறைத்துவிடாதபடி, அங்கே வந்திருந்த, தானும் மீன் வளர்க்கும் டிராம் ஓட்டுநர் வாவ்ரா தன் சூடான தேநீரை ஒரு புட்டியில் ஊற்றி, மீன்பையோடு சேர்த்துத் தன் கம்பளித் துண்டில் சுற்றிக் கொடுத்தார். பெயர்கூடச் சொல்லவில்லை.

வீட்டில் சிக்லிட் வகை நீல மீன் ஒன்று அந்தப் பெரிய தொட்டி முழுவதையும் தனதாக்கிக்கொண்டு, மற்றவற்றைக் கடித்துக் குதறியது. மறுவாரம் துண்டைத் திருப்பிக் கொடுக்கச் சந்தைக்கு வந்தவள் அதை அழாத குறையாகச் சொல்ல, வாவ்ரா கேட்டார்:

"நிறத்துக்கு ஒண்ணாப் பொறுக்கினீங்களாக்கும்? இது என்ன பொத்தான் கடையா? அந்த ரவுடிய என்கிட்ட தள்ளுங்க. மஞ்சள்ல ஒரே வகையா, ஒரு ஆணும் நிறைய பொண்ணுமா விடுங்கம்மா. கூட்டமா இருந்தா அடி ஒருத்தர் மேலயே விழாது."

அப்படியே செய்தாள். சண்டை அடங்கியது. கர்த்தருக்கு நன்றி சொன்னாள்.

வசந்தத்தில் வாவ்ரா ஆஸ்த்ராவா நகரிலிருந்த மகள் வீட்டோடு போய்விட முடிவுசெய்து, தன் மஞ்சள் மீன்களையும் அவளிடமே ஒப்படைத்தார்.

"என்னோடதுங்க இதுங்கள விரட்டிக் கொல்லுமே, அய்யா!"

புறப்படவிருந்த ரயிலின் படியில் நின்றபடி அவர் சிரித்தார்.

"முதல்ல தொட்டிக்குள்ள இருக்கிற கல்லையெல்லாம் கலைச்சு வச்சிட்டு விடுங்க. எல்லாருக்கும் வீடு புதுசாயிட்டா எவனும் உரிமை கொண்டாட மாட்டான். நானும் மக வீட்டுல முதல்ல நாற்காலிங்களத்தான் நகத்தப் போறேன்!"