சொரசொரப்பாக விட்ட ஹெட்

சொந்தத் தங்கையைக் கடையைவிட்டுத் துரத்த ஒருவருக்கு எப்படி மனசு வரும்? அந்தக் கடையில் எடுபிடியாக இருந்த நான் அதைக் கண்ணால் பார்த்தேன்.

அவளை எல்லோரும் வால்வு அக்கா என்பார்கள். அப்பா விட்டுப்போன மோட்டார் சைக்கிள் பட்டறையில் இன்ஜின் வேலை அவளுடையது, வாய் மட்டும் அண்ணனுடையது. ஸ்பேனர் கேட்டால் கையில் தரமாட்டார், மேஜைமேல் எறிவார். அவள் இடத்தில் தன் மைத்துனனை உட்கார வைக்க வேண்டும் என்பது அவர் திட்டம்.

அப்போதுதான் ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவர் ஐம்பது வருஷத்து வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தார். இன்ஜினின் தலைப்பகுதியான சிலிண்டர் ஹெட்டில் வால்வு உட்காரும் வளையம் தேய்ந்து குழிந்திருந்தது. தேறாது என்று அண்ணன் கைவிரித்தார். தேற்றலாம் என்று அவள் வாங்கிக்கொண்டாள்.

“ஆயுசு முடிஞ்ச வண்டிக்கு இவ வைத்தியம் பாக்குறாளாம். இருமாம ஓடலேன்னா கடைச் சாவிய வச்சிட்டுப் போயிடணும், சரியா?” என்றார் அண்ணன்.

சரி என்றாள். அந்தக் கடையை விட்டால் அவளுக்குப் போக்கிடம் இல்லை.

பன்னிரண்டு நாள் உழைத்தாள். கெட்டியான புது வளையம் இறக்கினாள். வால்வில் பொடிக்கல் கலந்த மசை தடவி, சுற்றிலும் ஒரே அகலத்தில் சாம்பல் கோடு விழும்வரை தேய்த்தாள். பெட்ரோலும் காற்றும் உள்ளே போகும் வழியைச் சற்று அகலமாக்கி, வேண்டுமென்றே சொரசொரப்பாக விட்டாள். வால்வை மூடிவைத்து அதன்மேல் பெட்ரோல் ஊற்றிப் பார்த்தாள். சொட்டுக்கூட ஒழுகவில்லை.

மறுநாள் காலை அவள் வருவதற்குள் அண்ணன் அந்த வழியைக் கண்ணாடி மாதிரி மெருகேற்றி, ஹெட்டை வண்டியில் பூட்டியிருந்தார். அரம் மாதிரி விட்டு வைத்தால் கடை மானம் என்னாவது என்று கத்தினார். கெடுக்க நினைத்துச் செய்யவில்லை; பளபளப்புதான் வேலை என்று நம்புகிறவர் அவர்.

தபால்காரர் வந்து கிக்கரை உதைத்தார். வண்டி கிளம்பியது. ஆக்சிலேட்டரைத் தளர்த்தி மெதுவாக விட்டதும் இருமி இருமி நின்றது.

“சாவி,” என்று அண்ணன் கையை நீட்டினார்.

“குடுக்கறேன் அண்ணே. மெருகு போட்டது யாருன்னும் அவர்கிட்ட சொல்லிடு.”

தபால்காரர் அண்ணனையே பார்த்தார். அண்ணன் நீட்டிய கையை இழுத்துக்கொண்டார். அவள் ஹெட்டைக் கழற்றி, வால்வுகளை எடுத்துவிட்டு, அண்ணன் மெருகேற்றிய வழியை முரட்டு உப்புத்தாளால் தேய்த்தாள். வழுவழுப்பில் பெட்ரோல் துளித்துளியாக ஒட்டிக்கொள்ளும், சொரசொரப்பில்தான் காற்றோடு கலக்கும் என்று தபால்காரருக்குச் சொல்லிக்கொண்டே கழுவிப் பூட்டினாள். உதைத்தாள். மெதுவாக விட்டும் வண்டி இருமாமல் ஓடியது.

கார்பரேட்டரில் தூசி இருந்திருக்கும் என்று முனகிவிட்டு அண்ணன் வெளியே போனார். அதற்குப் பிறகு சாவியைக் கேட்கவில்லை. அவளிடம் பேசவும் இல்லை. இப்போதும் ஒரே கூரையின்கீழ் முதுகைக் காட்டிக்கொண்டுதான் வேலை செய்கிறார்கள்.

உங்களுக்குத் தெரிந்தவர்களிடம் இதைச் சொல்லுங்கள். முக்கியமாக, பளபளப்பைப் பார்த்துத் தலையாட்டுகிறவர்களிடம்.