இசை: இல்லை

பிரிட்டனின் பதிவுத் திருமணத்தில் கடவுளுக்கு இடமில்லை. அது நாத்திகமல்ல, நடைமுறை. கவுன்சிலின் திருமணப் பதிவு அலுவலகத்தில் வேலை செய்த காலமெல்லாம், மணமக்கள் போட விரும்பும் பாட்டுகளின் வரிகளைத் தாளில் வாங்கி, சாமியோ சொர்க்கமோ ஒளிந்திருக்கிறதா என்று பார்ப்பது என் பொறுப்பு. பாட்டைக் கேட்பது நடைமுறையில் இல்லை.

ஒரு பாட்டு அடிக்கடி வரும். நான்கு பிரிட்டிஷ் இளைஞர்களின் இண்டி ராக் குழு. அந்த ஒரே பாட்டால் நாடே அவர்களை அறிந்திருந்தது. தாளில் அது பரிதாபமாக இருந்தது. ஆறாவது வரியில் ஒரு தேவதை. கோரஸ் என்ற இடத்தில் ஒற்றை வரி, பக்கத்தில் 'நான்கு தடவை' என்ற குறிப்பு. இரண்டாவது வரி எழுதச் சோம்பல், பஞ்சியாக்கும் என்று நினைத்தபடி, தேவதைக்காகச் சிவப்பு மையால் வெட்டுவேன். அன்று விதி அவ்வளவு இறுக்கம்.

ஒருமுறை ஸ்ட்ரெதம் பகுதியிலிருந்து பதிவுக்கு வந்த தமிழ்ப் பிள்ளை ஒருத்தி, வெட்டிய தாளைப் பார்த்துவிட்டுக் கேட்டாள்: "அங்கிள், இந்தப் பாட்டைக் கேட்டிருக்கிறீங்களோ?"

"கேக்கத் தேவையில்லைப் பிள்ளை. வாசிச்சாப் போதும்."

வேறு பாட்டு எதையும் அவள் தரவில்லை.

போன கோடையில் என் மகளுக்கு எழுத்து. கல்யாணப் பதிவை நாங்கள் அப்படித்தான் சொல்வோம். தாலி பிறகு கோயிலில். அவள் தேர்ந்ததும் அதே பாட்டு.

"அப்பா, தேவதையை விடுவினமோ?"

"ஓம், இப்ப விடுவினம். போற போக்கிலை வந்தால் பிழையில்லை எண்டு விதியை மாத்தி எத்தினையோ வருசம்."

"அப்ப ஒண்டு. கோரஸ் தொடங்கேக்கை நான் மேசையடியிலை நிக்கோணும். ப்ளீஸ், கெதியா நடந்து கெடுத்துப்போடாதேங்கோ."

அவளுக்கு என்னைத் தெரியும். அடுத்த சோடி வாசலில் காத்திருக்கும், ஒரு நிமிடத்தில் உள்ளே வாருங்கள் என்று ஊருக்கே சொன்னவன் நான்.

எழுத்தன்று, மகளின் கையைப் பிடித்தபடி நான் நிற்க, மண்டபக் கதவு திறந்தது. ஒரு கிட்டார் மட்டும் தயங்கித் தயங்கித் தொடங்கியது. என் கால்கள் அலுவலக வேகத்தில் போயின. மேசைக்கு நாலடி இருக்கும்போது மகள் கையை இழுத்தாள்.

"நில்லுங்கோ அப்பா. இன்னும் வரேல்லை."

நின்றேன். பதிவாளர் மணிக்கூட்டைப் பார்த்தார், அவர் இடத்தில் நானும் பார்த்திருப்பேன். தேவதை வந்து போனாள், அரசுக்கு ஒரு சேதமுமில்லை. பிறகு டிரம்ஸ் விழுந்தது. நாலடி நடந்தோம். மகள் மேசையைத் தொட, அந்த ஒற்றை வரி எழுந்தது.

முதல் தடவை அது கெஞ்சல். இரண்டாவது தடவை பிடிவாதம். மூன்றாவதில் பின்வரிசையில் கோட்டு சூட்டோடு இருந்த சம்பந்தியும் அவர் கூட்டாளிகளும் கண்ணை மூடிக்கொண்டு சேர்ந்து பாடினார்கள். நான்காவதில் கருவிகள் எல்லாம் ஓய்ந்து குரல் மட்டும் நின்றது. மண்டபம் முழுக்கப் பாடியது. அதே சொற்கள்தான். என் கை மயிர் சிலிர்த்து நின்றது. அத்தனை வருடமும் கையில் வைத்திருந்த தாளில் இதில் ஒன்றுகூட இருக்கவில்லை.

"உங்களுக்கு இந்தப் பாட்டு எப்பிடித் தெரியும் சம்பந்தி?" என்று பிறகு கேட்டேன்.

"இங்கை வந்த புதுசிலை பெற்றோல் செட்டிலை வேலைக்கு நிண்டனான் அண்ணை. முதலாளி றேடியோவை நிப்பாட்ட விடமாட்டான். பாட்டு முதல் வந்தது, இங்கிலிசு பிறகுதான் வந்தது."

சிரித்தேன். ஆனால் மனம் ஸ்ட்ரெதம் பிள்ளையின் கோப்பில் நின்றது. அவள் மேசை வரைக்கும் எந்தச் சத்தமும் இல்லாமல் நடந்து வந்திருப்பாள். படிவத்தில் 'இசை: இல்லை' என்று எழுதியது என் கை.